கடைசி வாங்கில் அம்மா

எங்கள் சபையில் போதகர் என்று ஒருவர் கிடையாது. அங்கி போட்டவர் இல்லை, சம்பளக்காரர் இல்லை, மேலிடத்திலிருந்து மாற்றலாகி வருகிறவரும் இல்லை. மூப்பர்கள்தான் எல்லாம். தோட்டம் செய்கிறவர்களும் உத்தியோகம் பார்க்கிறவர்களுமாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து சபையை நடத்துவார்கள். "எங்களுக்கு மேலை ஒரு மனிசனும் இல்லை" என்று பெருமையாகச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளிடம் நானும் அந்தப் பெருமையை அளந்திருக்கிறேன். மேலே ஒருவரும் இல்லையென்றால், பிழை நடக்கும்போது போய் முறையிடவும் ஒருவரும் இல்லை என்பது இருபத்திரண்டு வயதில்தான் எனக்கு விளங்கியது.

மனம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்றிருந்தேன். இரண்டு தரம் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.

மூப்பர்களை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வதில்லை. இருக்கிற மூப்பர்களே ஒருவரைக் கனகாலம் கவனித்து, இவர் தகுதியானவர் என்று கண்டு, ஒரு ஞாயிறு எழும்பி அறிவிப்பார்கள். மற்ற முடிவுகளும் அப்படித்தான். தனியே கூடிச் செபித்துக் கதைப்பார்கள். எல்லோரும் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும். ஒருவர் ஏலாது என்றால் அது அப்படியே நிற்கும். வெளியே வந்து, "மூப்பர்மார் ஒருமனமாய்த் தீர்மானிச்சிருக்கிறம்" என்று மட்டும் சொல்வார்கள். உள்ளே யார் என்ன சொன்னார் என்பதை மனைவிக்கும் சொல்ல மாட்டார்கள். நல்ல ஒழுங்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சண்டை இல்லை, கட்சி இல்லை, கோயில் தர்மகர்த்தாக்கள் மாதிரி வழக்குக்குப் போவதில்லை.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. ஒரு விசுவாசி ஊர் மாறினால் கையில் கடிதம் கொண்டுபோக வேண்டும். இன்னார் எங்களோடு ஐக்கியமாய் இருந்தவர், நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. கீழே இரண்டு மூப்பர்களின் ஒப்பம். கடிதம் இல்லாதவர் புதிய சபையில் கடைசிப் பலகை வாங்கில் இருக்க வேண்டும். பாடலாம், செபிக்கலாம், பிரசங்கம் கேட்கலாம். ஆனால் நடுமேசையிலிருந்து அப்பமும் பாத்திரமும் கை மாறி வரும்போது, அவை அவரைத் தாண்டிப் போகும்.

பரந்தன் சபையில் அந்தக் கடிதங்களை எழுதியவன் நான். எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் ஆள் நான்தான். அப்பா வயல் கூலி. நான் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது பாம்பு கடித்துச் செத்தார். அம்மா எந்தக் கடதாசியிலும் பெருவிரல்தான் வைப்பார். நான் உயர்தரம் சித்தியடைந்ததும் மூப்பர்கள் எழுத்து வேலையை என்னிடம் தந்துவிட்டார்கள். அங்கே இரண்டு மூப்பர்கள். பெரியவருக்குக் கைநடுக்கம். சின்னவர் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர் எழுதியதை அவராலேயே திருப்பி வாசிக்க முடியாது.

தொண்ணூற்றாறில் பரந்தனை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. இராணுவம் அடிக்கும் செல் விழும் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. பெரிய மூப்பர் என்னைக் கூப்பிட்டார். "சனம் எந்தத் திக்கிலை சிதறுமோ தெரியாது. ஆளுக்கொரு கடிதம் எழுது தம்பி. இளம் ஆக்களுக்கு முதல் எழுது. அவையள்தான் தனித்தனியப் போக வேண்டி வரும்."

வெளியே உழவு இயந்திரப் பெட்டிகளில் கதவும் கோழிக்கூடும் தண்ணீர்ப் பம்பும் ஏறிக்கொண்டிருந்தன. நான் சபை மண்டபத்தில் இருந்து இரண்டு நாள் எழுதினேன். முப்பதுக்கு மேல் கடிதங்கள். முடிய முடிய இரண்டு மூப்பர்களும் ஒப்பம் வைத்தார்கள். இளம் ஆக்களுக்குள் என்னுடையது நாலாவதாக முடிந்தது. அம்மாவினுடையதைக் கடைசிக்கு வைத்தேன். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. எழுதுகிறவன் தன் வீட்டை முந்தவிடுவது அழகில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன் என்ற பவிசும் அதில் இருந்தது. பார், பெற்ற தாய்க்குக்கூடக் கடைசியில்தான் எழுதுகிறான் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை.

இரண்டாம் நாள் மத்தியானம் சின்ன மூப்பரின் குடும்பத்தை ஏற்ற உழவு இயந்திரம் வந்துவிட்டது. அம்மாவின் கடிதத்தில் அப்போது இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். அவசரமாக மிச்சத்தை எழுதிக்கொண்டு ஓடினேன். சாரதி நிற்பாட்டவில்லை. பெட்டிக்குள்ளிருந்து சின்ன மூப்பர் கத்தினார்: "பெரியவர் வைப்பார் தம்பி. ஒண்டு காணும்."

பெரியவர் வைத்தார். ஒரு ஒப்பம்; அது போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

விசுவமடுவில் வாய்க்கால் கரையோரம் தறப்பாள் கட்டி இருந்தோம். அங்கே எங்கள் பிரிவுச் சபை ஒன்று ஏற்கெனவே இருந்தது. கிடுகு வேய்ந்த மண்டபம், மணல் தரை, நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதைச் சுற்றி நாலு பக்கமும் வாங்குகள். மூன்று மூப்பர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், நூல் கட்டிய மூக்குக்கண்ணாடிக்காரர். அறிவித்தல்களை அவர்தான் வாசிப்பார். இரண்டாமவர் மிளகாய்த் தோட்டக்காரர். மூன்றாமவர் நீர்ப்பாசனத்தில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். மெதுவாகக் கதைப்பார், சிரித்த முகம். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே இரண்டு பாயும் ஒரு வாளியும் கொண்டுவந்து தந்தவர் அவர்.

இரண்டாம் ஞாயிறு தபாலதிபர் எழும்பி, பரந்தனிலிருந்து கடிதத்தோடு வந்தவர்களின் பெயர்களை வாசித்தார். என் பெயர் இருந்தது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான நேரம் பீப்பாய்களைப் புதைத்து வைத்து, போத்தல் போத்தலாகக் கொள்ளை விலைக்கு விற்ற ஒரு மனிதரின் பெயரும் இருந்தது. அவருடைய கடிதத்தில் இரண்டு ஒப்பம். கடைசியாக அம்மாவின் பெயர் வந்தது. "சகோதரி கொஞ்சக் காலம் பொறுத்திருக்கட்டும் எண்டு மூப்பர்மார் ஒருமனமாய்த் தீர்மானிச்சிருக்கிறம்."

அன்றைக்கு அப்பம் என் கைக்கு வந்தது. நான் எடுத்தேன். அதை மறைக்கப் போவதில்லை. என் பின்னால், கடைசி வாங்கில், பார்க்க வந்த பிறமதப் பெண் ஒருவருக்கும் ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைகளுக்கும் நடுவில், இருபது வருட விசுவாசியான என் அம்மா இருந்தார். நான் எடுத்துச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து, இனி எடுக்க மாட்டேன் என்றபோது அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "நீயாவது எடு மோனை. ரெண்டு பேரும் இல்லாமல் போனால், ஏதோ பெரிய பாவம் செய்த குடும்பம் எண்டு கதைப்பாங்கள்" என்றார். பெண்கள் எங்கள் சபையில் வாய் திறப்பதில்லை. அதனால் அவரே எழும்பிக் காரணம் கேட்கவும் வழியில்லை.

சின்ன மூப்பருக்குக் கடிதம் போட்டுக் காத்திருந்துவிட்டு, மழைக்காலம் முடிய நான் தபாலதிபரிடம் போனேன்.

"ரெண்டாவது ஒப்பம் எங்கை?" என்றார்.

"அவர் வவுனியாப் பக்கம் போயிட்டார் ஐயா. எந்த முகாமெண்டும் தெரியாது. மூண்டு முகாமுக்குக் கடிதம் போட்டுப் பாத்தனான், மறுமொழி வரேல்லை."

"மற்றவரிட்டை, இது சரியெண்டு இன்னொருக்கா எழுதி வாங்கன்."

"பெரியவர் மழைக்கை காய்ச்சல் வந்து செத்துப்போனார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பொறுத்துத்தான் பாக்கவேணும். மூப்பர்மார் ஒருமனமாய் எடுத்த முடிவு."

"உங்கடை மனம் என்ன ஐயா?"

"மூப்பருக்குத் தனி மனமில்லை தம்பி."

அந்த ஒரு வசனத்துக்காகவே அவரை வெறுத்தேன்.

இதற்குள் இன்னொன்று தொடங்கியிருந்தது. மாவுக்குத் தட்டுப்பாடு, பேக்கரிகள் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வைக்கப் பாண் கிடைப்பது குதிரைக்கொம்பு. அம்மா மண்சட்டியில் மேலும் கீழும் தணல் போட்டு நல்ல உருண்டை அப்பம் சுடுவார். ஒருநாள் எங்கள் கொட்டிலில் அதைச் சாப்பிட்டுப் பார்த்த ஓவசியர், "அக்கா, சபைக்கும் நீங்களே சுட்டுத் தாங்கோவன்" என்றார். அதன் பிறகு சனிக்கிழமை தோறும் ஒரு சுண்டு கோதுமை மா எங்கிருந்தோ தேடிக்கொண்டு வருவார். கவிழ்த்துப் போட்ட உரலில் இருந்து, பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தபடி அம்மா மா குழைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். போகும்போது எங்களுக்காகச் செபிப்பார். அம்மா சுட்ட அப்பத்தை நான் துணியில் சுற்றி ஞாயிறு காலை கொண்டுபோவேன். மேசையில் வைத்து, நன்றி சொல்லிப் பிட்பார்கள். எல்லோரும் எடுப்பார்கள். மண்ணெண்ணெய்க்காரரும் எடுப்பார். கடைசி வாங்கு வரை வந்து தட்டு திரும்பிப் போகும்.

இதை யாரிடம் சொன்னாலும், ஏன் சுட்டுக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். "மறுத்தால், அப்பம் தரேல்லையெண்டு கோவிச்சுக்கொண்டு இருக்கிறன் எண்டல்லோ வரும்" என்றார் அம்மா. ஏழை மனிதருக்குக் கோபப்படவும் ஒரு கடிதம் வேண்டியிருக்கிறது.

பத்து மாதம் போனது. பாத்திரத்துக்கான முந்திரிகை, அதாவது திராட்சைச் சாறும் முடிந்தது. உலர்ந்த முந்திரிகையை, நாங்கள் பிளம்ஸ் என்பதை, ஊறவைத்துப் பிழிந்து கொஞ்சக் காலம் ஓட்டினார்கள்; பிறகு பிளம்ஸும் இல்லை. மூப்பர்கள் கூடினார்கள். அடுத்த ஞாயிறு, திருவிருந்து முடிந்து அறிவித்தல் நேரத்தில் தபாலதிபர் எழும்பினார். "இந்த இக்கட்டுக் காலத்திலை, முந்திரிகைச் சாற்றுக்குப் பதிலா நாவற்பழச் சாறு பாவிக்கலாம் எண்டு மூப்பர்மார் ஒருமனமாய்த் தீர்மானிச்சிருக்கிறம்."

நான் எழும்பிவிட்டேன்.

"ஐயா, ஒரு கேள்வி. முந்திரிகைக்குப் பதிலா நாவல் காணும் எண்டால், ரெண்டு ஒப்பத்துக்குப் பதிலா ஒண்டு ஏன் காணாது?"

வாங்குகளில் தலைகள் என் பக்கம் திரும்பின.

"பழத்துக்கு இக்கட்டுக் காலம் விளங்குது. எங்கடை அம்மாவுக்கு விளங்கேல்லை. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை ஐயா. சீவியம் முழுக்க முத்திரை ஒட்டாத கடிதத்தைத் திருப்பி அனுப்பின ஆள் நீங்கள். மனிசரையும் அப்பிடித்தானே பாப்பியள்."

பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. தபாலதிபர் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஓவசியர்தான் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். "இரு தம்பி. இரு. ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்." அந்தக் கையின் சூடு அப்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நினைக்கத்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அந்த வாரம் மிளகாய்த் தோட்டக்காரரிடம் கூலிக்குப் போயிருந்தேன். படித்த படிப்புக்கு அப்போது வேறு வேலை இல்லை. அவர் மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"தம்பி, நீ ஆள் மாறி ஏசிப்போட்டாய்."

"என்னண்ணை?"

"அந்த மனிசன் உன்ரை கொம்மாவுக்காக மூண்டு தரம் கதைச்சவர். கடைசித் தரம் அழுதும் போட்டார்."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப நீங்களோ மறிச்சனீங்கள்?"

"நான் மறிச்சால் உன்னைக் கூலிக்குக் கூப்பிடுவனோ? கண்ணைப் பாக்க ஏலுமே எனக்கு?"

"அப்ப ஆர்?"

"நான் சொல்லேல்லை. சொல்லவும் கூடாது." பாத்தியின் வாயை மண்ணால் அடைத்தார். "மூண்டு மூப்பர். நீ கணக்குப் படிச்ச பொடியன்தானே."

அன்று மிச்ச வேலையை எப்படிச் செய்தேன் என்று தெரியாது. பிடுங்கிய புல்லில் மிளகாய்க் கன்றும் இருந்தது என்று அவர் பிறகு சொல்லிச் சிரித்தார். வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சீ, அவர் நல்ல மனிசன். பாய் தந்தவர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாயிலைதான் நீ படுக்கிறாய்" என்றார்.

சனிக்கிழமை ஓவசியர் வழமைபோல வந்தார். சைக்கிளைப் பாலை மரத்தில் சாத்தி, மாப் பையை எடுத்துக்கொண்டு உரலில் இருந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடிக்கும் மட்டும் பொறுத்தேன்.

"அண்ணை, அம்மாவை மறிக்கிறது நீங்களோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உதை ஆர் சொன்னது?"

"ஓமோ, இல்லையோ?"

"தம்பி, மூப்பர் அறையிலை நடந்ததை வெளியிலை கதைக்கக் கூடாது. கதைச்சால் சபை ரெண்டாகும்."

"அப்ப இல்லையெண்டு சொல்லுங்கோ."

பொய் சொல்லாதவர். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "கடிதம் உன்ரை கையெழுத்து. ஒப்பம் வைச்சவர் உயிரோடை இல்லை. தாய்க்கு மகன் எழுதின கடிதம். இதை விட்டால், நாளைக்கு ஆரும் எதையும் எழுதிக்கொண்டு வரலாம். என்ரை மனச்சாட்சி இடம் தரேல்லை."

"மற்ற எல்லாக் கடிதமும் என்ரை கைதானே. மண்ணெண்ணெய்க்காரற்றையும் நான்தான் எழுதினனான்."

"அதிலை ரெண்டு ஒப்பம் கிடக்கு."

"நான் கள்ளமாப் போடுறதெண்டால் ரெண்டாகப் போட்டிருக்கமாட்டனோ அண்ணை? ஒண்டோடை நிப்பாட்ட எனக்கென்ன விசரோ?"

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, எனக்கு உங்களிலை ஒரு சந்தேகமும் இல்லை. ஒழுங்குக்காகத்தான்."

அம்மா அடுப்படியிலிருந்து எழும்பினார். "சந்தேகம் இல்லாமலே இவ்வளவெண்டால், இருந்திருந்தால் என்ன ஐயா செய்திருப்பியள்?" என்றார்.

"அக்கா..."

"எத்தினை சனிக்கிழமை உந்த உரலிலை இருந்தனீங்கள். நான் மா குழைக்கேக்கை பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். அக்கா, இது எப்பிடி நடந்தது, பெரியவர் எப்ப ஒப்பம் வைச்சவர் எண்டு என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே. அவர் ஒப்பம் வைக்கேக்கை நான் பக்கத்திலைதானே நிண்டனான்."

அவர் கேட்கவில்லை. மூன்று மூப்பர்களில் ஒருவரும் கேட்கவில்லை. பத்து மாதமாக அம்மாவைப் பற்றிக் கூடிக் கூடிக் கதைத்தவர்கள் அம்மாவோடு ஒருதரமும் கதைக்கவில்லை. அம்மாவுக்காக அழுத தபாலதிபரும் அறைக்குள்ளேதான் அழுதார்.

அம்மா மாப் பையை எடுத்துக்கொண்டு போய் அவருடைய சைக்கிள் கைபிடியில் கொளுவினார். "கொண்டுபோங்கோ ஐயா. நான் பிசைஞ்ச மா சபைக்கு ஆகுமெண்டால் நானும் ஆகவேணும். நான் ஆகாட்டி மாவும் வேண்டாம்."

தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமல் அவர் போனார். அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் அப்பம் ஓவசியரின் மனைவி சுட்டது. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை மா. மிளகாய்த் தோட்டக்காரர் நன்றி சொல்லிப் பிட்க எடுத்தார், அது பிட்க வரவில்லை. முழங்காலில் வைத்து உடைக்காத குறை. நான் சிரிக்கவில்லை. இன்னொரு காரியம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் தபாலதிபர் வீட்டுக்குப் போனேன். தென்னை நிழலில் கதிரை போட்டு இருந்தார்.

"ஐயா, அண்டைக்கு உங்களை ஏசினது பிழை. ஆள் மாறிப் போச்சு."

"எந்த ஆள் மாறினது?"

"அம்மாவை வேண்டாமெண்டது நீங்களில்லை எண்டு..."

"ஆர் உனக்குச் சொன்னது?" குரல் உயர்ந்தது. "மூப்பர்மார் ஒருமனமாய் எடுத்த முடிவு. ஏசிறதெண்டால் மூண்டு பேரையும் ஏசு. மன்னிப்பெண்டால் மூண்டு பேரிட்டையும் கேள்."

"நீங்கள் அம்மாவுக்காகக் கதைச்சனீங்கள் ஐயா. சனம் உங்களைத்தான் பிழையா நினைக்குது. ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பிச் சொல்லப் போறன்."

"சொன்னால் உன்னைக் கடைசி வாங்கிலை இருத்துவன்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "அந்த முத்திரைக் கதை நல்லாத்தான் இருந்தது. என்ரை மனிசியும் சிரிச்சவ" என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. சபை ஒற்றுமைக்காக இந்த மௌனம் என்கிறார்கள். இந்த மௌனத்தால் அம்மா கடைசி வாங்கில் இருந்தார். அம்மாவுக்காக அழுத கிழவர் ஊர் முழுக்கக் கெட்ட பெயரோடு நடந்தார். மறித்தவரோ எங்கள் வீட்டில் பனங்கட்டி கடித்துக்கொண்டு நல்ல மனிதராக இருந்தார். ஒற்றுமை என்று சொல்லி இவர்கள் காப்பாற்றியது யாரை? எனக்கு ஓவசியரின் மனச்சாட்சியோடு வழக்கில்லை. வேண்டாம் என்று அவர் நினைத்தால், எழும்பி நின்று, எங்கள் முகத்துக்கு நேரே, நான் வேண்டாம் என்கிறேன், காரணம் இது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காரணத்தை நான் ஒரு நிமிடத்தில் உடைத்திருப்பேன். உடைத்துவிடுவேன் என்பதால்தானோ சொல்லவில்லை?

மூன்று வாரம் அம்மா சுடவில்லை. மூன்று வாரமும் அப்பம் அப்படியே இருந்தது. நாலாவது ஞாயிறு, திருவிருந்துக்கு முன்பே தபாலதிபர் எழும்பினார். அம்மாவின் பெயரைச் சொன்னார். "சகோதரியை இண்டு முதல் ஐக்கியத்திலை ஏற்றுக்கொள்ள மூப்பர்மார் ஒருமனமாய்த் தீர்மானிச்சிருக்கிறம்." ஏன் இவ்வளவு காலம் என்று ஒரு சொல் இல்லை. பிழை நடந்தது என்று ஒரு சொல் இல்லை. மறித்தபோது என்ன சொற்களோ, விட்டபோதும் அதே சொற்கள். வாசலடியில் சனம் அம்மாவின் கையைப் பிடித்து வாழ்த்தியது, ஏதோ நேற்றுத்தான் மனம் திரும்பியவர் போல.

சனம் அப்படி வாழ்த்துவதற்கு முன், திருவிருந்தில், அம்மா எழும்பிப் போய்ப் பெண்கள் பக்கம் இரண்டாம் வாங்கில் இருந்தார். தட்டு வந்தது. கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு எடுத்து, கண்ணை மூடி, மெதுவாகச் சாப்பிட்டார். அவர் எடுக்க மாட்டார், எல்லோருக்கும் முன்னால் தட்டைத் தள்ளிவிடுவார் என்று நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசைக்கு வெட்கப்பட்டேன். அவருக்குப் பசித்திருந்தது. அது என்ன பசி என்று பத்து மாதமாக எடுத்துச் சாப்பிட்டவனுக்குத் தெரியாது.

பிறகு தட்டு என்னிடம் வந்தது. எதிர் வாங்கில் ஓவசியர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்த பாடம். நான் தட்டை அடுத்தவருக்குக் கொடுத்தேன்.

வாய்க்கால் அணைக்கட்டால் திரும்பி நடந்தோம். அம்மா முன்னால், நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு. பாலத்தடியில் அவர் நடந்தபடியே கேட்டார்:

"ஏன் எடுக்கேல்லை?"

"எனக்கு ஏலாது அம்மா."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஓவசியர் எழும்பி, நான்தான் மறிச்சனான் எண்டு சனத்துக்கு முன்னாலை சொல்லுமட்டும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி இல்லை."

அம்மா நின்று திரும்பிப் பார்த்தார். "அவையளுக்கெண்டாலும் மூண்டு பேர் கூடவேணும். உனக்கு நீ ஒருத்தனே காணும், என்ன?"

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்.

இப்போது நாலு வருடமாகிறது. ஓவசியர் எழும்பிச் சொல்லவில்லை. என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "சுகமோ தம்பி?" என்று கேட்பார், நானும் ஓம் என்பேன். ஞாயிறு தவறாமல் போகிறேன். தட்டு வரும்போது வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறேன். அம்மா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். சரி என்று தெரிந்துகொண்டே தட்டைக் கொடுக்கிறேன்.